வேலையை மாற்றியதற்குக் கழுத்தில் கத்தி: பாடகர் ஜோ லூயிஸும் அல் கபோன் கும்பலும்

ஸ்ரீபெரும்புதூர், மண்ணூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ரொம்பப் பழக்கமான காட்சி இது. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற ஒருவர், பக்கத்து சீட்காரரிடம் மட்டும் மெதுவாக விஷயத்தைச் சொல்வார். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், சம்பளம் கொஞ்சம் கூட, கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது, போயிடலாம்னு இருக்கேன் என்பார். அதிகபட்சம் என்ன நடக்கும்? ஹெச்.ஆர். கூப்பிட்டுப் பேசுவார். நோட்டீஸ் பீரியடை முழுசாக முடிக்கச் சொல்வார். ரிலீவிங் லெட்டர் கைக்கு வர நாளாகும். அவ்வளவுதான்.

1927-ல் சிகாகோவில் ஒரு கிளப் பாடகர் இதே முடிவைத்தான் எடுத்தார். கான்ட்ராக்ட் முடிந்தது, பக்கத்து கிளப்பில் கூடச் சம்பளம், கிளம்பிவிட்டார். புது மேடையில் ஏறி ஒரு வாரம்கூட சரியாக ஆகியிருக்காது. மூன்று பேர் அவருடைய ஓட்டல் அறைக்குள் நுழைந்து தொண்டையையும் நாக்கையும் அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் பெயர் ஜோ இ. லூயிஸ். சாகவில்லை. அதன்பிறகு 43 வருஷம் வாழ்ந்தார், அமெரிக்காவின் பெரிய கிளப் மேடைகளில் ராஜா மாதிரி இருந்தார். ஃபிராங்க் சினாட்ரா அவருடைய கதையில் ஹீரோவாக நடித்தார். பழைய தமிழ்ப் படங்களில் வில்லன் கையில் கிளாஸோடு உட்கார்ந்திருக்க, பின்னால் மேடையில் ஒருவர் பாடிக்கொண்டிருப்பார் இல்லையா? அந்தக் காட்சியில் நாம் எல்லோரும் வில்லனையும் ஹீரோவையும்தான் பார்ப்போம். மேடையில் பாடுகிறவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று யோசித்ததே இல்லை. லூயிஸின் வாழ்க்கை அந்த ஆளின் கதை.

மதுவிலக்கும் மைக்கும்

முதலில் ஒரு கேள்வி. சாராயம் விற்கிற கும்பலுக்கு ஒரு பாடகர் மேல் ஏன் இவ்வளவு வெறி?

பதில் அமெரிக்க மதுவிலக்கில் இருக்கிறது. 1920 ஜனவரியில் நாடு முழுக்க மது தயாரிப்பதும், விற்பதும், வண்டியில் ஏற்றிச் செல்வதும் குற்றமானது. 1933 டிசம்பர் வரை, கிட்டத்தட்ட 14 வருஷம் இது நீடித்தது. குடிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. எனவே விற்கிற வேலை சட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் கைக்குப் போனது. சிகாகோவில் அந்தக் கைகளில் பெரியது அல் கபோனுடையது. 1925-ல் தன் குரு ஜானி டோரியோ ஒதுங்கிக்கொண்டபோது கும்பலின் தலைமைக்கு வந்தார். அப்போது கபோனுக்கு வயது 26.

திருட்டுச் சரக்கைத் தெருவில் விற்பதில் லாபம் குறைவு, ரிஸ்க் அதிகம். அதையே ஒரு அழகான ஹாலில், வெள்ளைத் துணி விரித்த மேஜையில், இசைக்குழு வாசிக்கும்போது விற்றால் ஒரு கிளாஸுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் அந்த ஹாலுக்கு ஜனம் வர வேண்டுமே? சரக்கு எல்லா கிளப்பிலும் ஒன்றுதான், சில சமயம் ஒரே லாரியில் வந்து இறங்கியதாகக்கூட இருக்கும். இந்த கிளப்புக்குப் போகலாமா, எதிர் கிளப்புக்குப் போகலாமா என்பதை முடிவு செய்தது மேடையில் நிற்கிற ஆள். பாடகர் போனால் கூட்டம் போகும், கூட்டம் போனால் சரக்கு நிற்கும். கும்பலின் கணக்குப் புத்தகத்தில் பாடகரும் ஒரு சொத்துதான், சரக்கு லாரி மாதிரி.

அந்தக் காலத்து ஜாஸ் இசையின் பெரிய பெயர்களில் பலர் இப்படிப்பட்ட இடங்களில்தான் வளர்ந்தார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்த சிகாகோ சன்செட் கஃபேயை நடத்திய ஜோ கிளேசருக்கு கபோன் ஆட்களோடு தொடர்பு இருந்தது. அந்த கிளேசர்தான் பிற்காலத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் மேனேஜர். டியூக் எல்லிங்டன் 1927 டிசம்பரில் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் சேர்ந்தார். அதன் முதலாளி ஓனி மேடன், கொலை வழக்கில் சிறைக்குப் போய் வந்தவர். எல்லிங்டன் அங்கே சேர்வதற்குச் சில வாரம் முன்னால்தான் சிகாகோவில் லூயிஸின் கழுத்தில் கத்தி இறங்கியிருந்தது.

650 டாலர் பையன்

லூயிஸின் இயற்பெயர் ஜோசப் கிளெவன். 1902 ஜனவரி 12-ல் நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பர்லெஸ்க் என்கிற, பாட்டும் ஆட்டமும் கேலியும் கலந்த மலிவு மேடைகளில் தேறி, 20களின் நடுவில் சிகாகோவின் கிரீன் மில் கிளப்புக்கு வந்து சேர்ந்தார். நல்ல குரல், நல்ல முகம், பாட்டுக்கு நடுவே ஜனத்தைச் சிரிக்க வைக்கிற வாய். சீக்கிரமே ஊரே அவரைப் பார்க்க வந்தது.

சம்பளம் வாரத்துக்கு 650 டாலர். இது எவ்வளவு பெரிய தொகை? மறைமலை நகரில் பல வருஷம் கார் தயாரித்த அதே ஃபோர்டு நிறுவனம், அந்த நேரத்தில் அமெரிக்காவில் தன் தொழிலாளிக்குக் கொடுத்த குறைந்தபட்ச கூலி நாளுக்கு 6 டாலர். வாரத்தில் ஐந்து நாள் வேலை. அதாவது வாரம் 30 டாலர். ஒரு ஃபோர்டு தொழிலாளி ஐந்து மாதம் அசெம்பிளி லைனில் நின்று வாங்குவதை லூயிஸ் ஒரே வாரத்தில் வாங்கினார். ஃபோர்டு சம்பளமே அந்தக் காலத்தில் நல்ல சம்பளம் என்று பேர் வாங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரீன் மில்லில் பங்கு வைத்திருந்தவர்களில் ஒருவர் ஜாக் மெக்கர்ன். பெயரைப் பார்த்து ஐரிஷ்காரர் என்று நினைக்க வேண்டாம். சிசிலியில் பிறந்த வின்சென்ஸோ ஜிபால்டி என்பதுதான் இயற்பெயர். குத்துச்சண்டை மேடையில் ஐரிஷ் பெயருக்கு மவுசு என்பதால் மாற்றிக்கொண்டார். பிற்பாடு பத்திரிகைகள் மெஷின் கன் என்ற அடைமொழியையும் முன்னால் சேர்த்துவிட்டன. கபோனின் முக்கியமான அடியாட்களில் ஒருவர்.

லூயிஸும் மெக்கர்னும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். 1927-ல் ரெண்டு பேருக்கும் 25 வயது. கபோனுக்கு 28. அந்தச் சமயத்தில் சிகாகோவின் இரவு வாழ்க்கையை நடத்தியவர்கள், இன்று ஐடி பார்க் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்காரக்கூடிய வயதுப் பையன்கள்.

1927 இலையுதிர் காலத்தில் லூயிஸின் ஒப்பந்தம் முடியும் நேரம் வந்தது. கொஞ்ச தூரத்தில் இருந்த ரான்டேவூ என்ற கிளப் அவரைக் கூப்பிட்டது. அதன் பின்னாலும் ஒரு கும்பல் இருந்தது, கபோனுக்கு ஆகாத கும்பல். வாரம் 1,000 டாலர், அதோடு நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு. லூயிஸ் சம்மதித்தார். மெக்கர்ன் பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்ல, லூயிஸ் முடியாது என்றுவிட்டார். அப்படியானால் புது கிளப்பில் மேடை ஏற உயிரோடு இருக்க மாட்டாய் என்ற அர்த்தத்தில் மெக்கர்ன் மிரட்டியதாக லூயிஸின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

இந்த இடத்தில் லூயிஸை முட்டாள் என்று சொல்லிவிடலாம். கபோனின் ஆளிடம் போய் முடியாது என்று சொல்வாரா ஒருத்தர்? ஆனால் அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, அதற்குமேல் அவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. அவர் செய்த ஒரே தப்பு, தன் முதலாளியைச் சாதாரண முதலாளி என்று நினைத்ததுதான்.

ஓட்டல் அறையில் அந்தக் காலை

நவம்பர் தொடக்கத்தில் ரான்டேவூவில் லூயிஸ் பாட ஆரம்பித்தார். செம கூட்டம். கிரீன் மில்லில் மேஜைகள் காலி. மிரட்டல் வெறும் வாய்ப்பேச்சுதான் என்று எல்லோரும் நம்பத் தொடங்கியிருப்பார்கள்.

நவம்பர் இரண்டாவது வாரம் ஒரு நாள் காலை. கமான்வெல்த் ஓட்டலில் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார் லூயிஸ். கதவு தட்டப்பட்டது. திறந்தார். மூன்று பேர். துப்பாக்கியின் பின்கட்டையால் மண்டையில் அடித்தார்கள், எலும்பு உடைந்தது. பிறகு கத்தி. தாடையிலிருந்து கழுத்து வரை கீறினார்கள், நாக்கின் ஒரு பகுதியும் போனது. சுட்டிருந்தால் ஒரு நொடி வேலை. பாடகர் என்பதால் தொண்டையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் இந்தச் சம்பவத்தில் குலை நடுங்க வைப்பது. மற்ற பாடகர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்ட நோட்டீஸ் அது.

செத்துவிட்டார் என்று நினைத்து விட்டுப் போனார்கள். லூயிஸ் தரையில் தவழ்ந்தே அறையைவிட்டு வெளியே வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார். பேச்சு வரவில்லை. மண்டையில் விழுந்த அடியால் மூளையும் பாதிக்கப்பட்டிருந்தது. வார்த்தைகள் மறந்து போயின. படிக்கவும் எழுதவும் பேசவும், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி, 25 வயதில் முதலிலிருந்து கற்றுக்கொண்டார்.

யார் செய்தது என்று போலீஸ் கேட்டது. லூயிஸ் யார் பெயரையும் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை, அதன்பிறகும் யாரும் இந்த வழக்கில் தண்டனை பெறவில்லை. மெக்கர்ன்தான் ஆள் அனுப்பினார் என்பது ஊருக்கே தெரியும்.

இதைப் பயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. அந்த வருஷம் சிகாகோவில் மேயராக மறுபடி ஜெயித்து வந்தவர் வில்லியம் ஹேல் தாம்ப்சன், கும்பல்களுக்கு வேண்டப்பட்டவர் என்று பேர் எடுத்தவர். கும்பல் கொலைகளில் சாட்சி சொல்ல ஆள் வருவதே அபூர்வம். பெயரைச் சொன்னால் கோர்ட்டில் நிற்குமா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, சொன்னபிறகு எந்த கிளப்பில் போய் நிற்பது? ஊரில் இருந்த நல்ல மேடைகள் எல்லாமே ஏதோ ஒரு கும்பலின் கையில். போட்டுக் கொடுத்தவர் என்று பேர் வாங்கிய கலைஞரை எந்தக் கும்பலும் மேடையேற்றாது. கழுத்தை அறுத்தவர்களும் சம்பளம் கொடுப்பவர்களும் ஒரே தெருவில் ஒரே தொழில் செய்தவர்கள்.

10,000 டாலர் ஆறுதல்

அடுத்து நடந்ததுதான் கதையிலேயே விசித்திரமான பகுதி. கபோனுக்கு லூயிஸைப் பிடிக்கும். பாட்டு கேட்கிற ஆள் கபோன், ஆபராவும் ஜாஸும் ரெண்டுமே இஷ்டம். தன் ஆளே லூயிஸை இப்படிச் செய்துவிட்டான் என்று தெரிந்ததும் கோபப்பட்டாராம். ஆனால் மெக்கர்னை ஒன்றும் செய்யவில்லை, அவர் கும்பலுக்கு அவ்வளவு முக்கியம். பதிலாக லூயிஸுக்கு 10,000 டாலர் கொடுத்து உதவினார் என்பது பல வருஷமாகச் சொல்லப்பட்டு வரும் தகவல்.

இதைக் கேட்டதும் கபோனுக்கும் நல்ல மனசு என்று நம்மில் சிலருக்குத் தோன்றும். தாதாக்களைப் பற்றிய படங்கள் நமக்குக் கொடுத்திருக்கிற பழக்கம் அது. பணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால், தன் கம்பெனியில் நடந்த விபத்துக்கு முதலாளி கொடுத்த நஷ்ட ஈடு. விபத்தை உண்டாக்கிய சூப்பர்வைசர் அதே நாற்காலியில். ஆனால் மருத்துவச் செலவோடு குரலும் போய்ப் படுத்திருந்த ஒருவரிடம் அந்தப் பணத்தை ஏன் வாங்கினாய் என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மெக்கர்ன் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 1929 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று சிகாகோவில் ஒரு கராஜில் போலீஸ் உடை போட்டு வந்தவர்களும் கூட்டாளிகளும் சேர்ந்து ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் மெக்கர்ன் மேல் சந்தேகம் விழுந்தது. அந்த நேரம் தன்னோடுதான் இருந்தார் என்று அவருடைய காதலி சாட்சி சொல்ல, வழக்கு நிற்கவில்லை. 1931-ல் கபோன் வருமான வரி வழக்கில் 11 வருஷத் தண்டனை வாங்கி உள்ளே போனார். பாதுகாப்புக்கு ஆள் இல்லாமல், காசும் இல்லாமல் அலைந்த மெக்கர்னை 1936 பிப்ரவரி 15 அதிகாலையில் ஒரு பவுலிங் விளையாட்டுக் கூடத்தில் சுட்டுக் கொன்றார்கள். காதலர் தினம் முடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் அவரைக் கிண்டல் செய்யும் ஒரு காதலர் தின வாழ்த்து அட்டையும் கிடந்தது. அந்தக் கொலையிலும் யாரும் தண்டிக்கப்படவில்லை.

குரல் போனபிறகு

சில மாதங்களிலேயே லூயிஸ் மறுபடி மேடைக்கு வந்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். ஆனால் அது பாவப்பட்டுத் தட்டிய கைதட்டல். பழைய குரல் இல்லை, கரகரவென்று ஒரு சத்தம்தான் மிச்சம். பரிதாபத்துக்கு ஜனம் ஒருமுறைதான் டிக்கெட் வாங்கும். அதன்பிறகு பல வருஷம் சின்னச் சின்ன மேடைகள், பர்லெஸ்க் நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர் வேலை.

மீண்டது நகைச்சுவையால். பாட முடியாததையே பாட்டாக்கினார். தெரிந்த மெட்டில் கோணல் வரிகளைப் போட்டு, கரகர குரலில் பாதி பாடி பாதி பேசுவார். கையில் எப்போதும் ஒரு கிளாஸ். குதிரைப் பந்தயத்தில் ஓட்டம் தொடங்கும்போது கொடுக்கிற அறிவிப்பைச் சொல்லிக்கொண்டே கிளாஸை உயர்த்துவது அவருடைய டிரேட்மார்க். தான் எவ்வளவு குடிக்கிறேன், பந்தயத்தில் எவ்வளவு தோற்றேன் என்பதுதான் அவருடைய ஜோக்குகள். இன்றைய ஸ்டாண்ட்-அப் பாணியில் தன்னைத்தானே கலாய்த்துக்கொள்வது இருக்கிறதே, அதை அமெரிக்க கிளப் மேடைகளில் வளர்த்தவர்களில் லூயிஸும் ஒருவர்.

சிரிப்புக்குப் பின்னால் இருந்தது நிஜமான குடி, நிஜமான சூதாட்டம். சம்பாதித்ததில் பெரும்பகுதி குதிரைகளுக்குப் போனது. 1946-ல் பாடகியும் நடிகையுமான மார்த்தா ஸ்டூவர்ட்டைக் கல்யாணம் செய்தார், 1948-ல் முடிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காகப் பயணம் செய்து நிகழ்ச்சி நடத்தினார். 1942-ல் வந்த பிரைவேட் பக்கரூ போன்ற சில படங்களில் தலைகாட்டினார், ஆனால் சினிமா அவருக்குச் செட் ஆகவில்லை. அவர் ஆள் கிளப் ஆள். இரவு ரெண்டு மணி, சிகரெட் புகை, முன்வரிசையில் பாதி போதையில் நூறு பேர் இருந்தால்தான் அவருக்கு மூச்சே வரும்.

அந்த கிளப்புகள் யாருடையவை? நியூயார்க்கின் கோபகபானா 1940-ல் தொடங்கியது. லூயிஸ் அதன் நிரந்தர நட்சத்திரம் மாதிரி. காகிதத்தில் முதலாளி மான்டி ப்ரோசர். பின்னால் இருந்தவர் ஃபிராங்க் காஸ்டெல்லோ, நியூயார்க் மாஃபியாவின் பெரிய தலைகளில் ஒருவர். 1951-ல் அமெரிக்க செனட்டின் கீஃபாவர் கமிட்டி அவரை விசாரித்தபோது முகத்தைக் காட்டக்கூடாது என்று அவர் மறுத்துவிட, டிவி கேமரா அவருடைய கைகளை மட்டும் காட்டியது. நாடே அந்த விரல்கள் நெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. லூயிஸின் சம்பளக் கவரும் பல வருஷம் அந்தக் கைகளின் நிழலில் இருந்துதான் வந்தது.

24 வருஷம் முன்னால் கழுத்தை அறுத்த கும்பல் வேறு, இந்த ஆட்கள் வேறு என்று வாதாடலாம்தான். தொழில் ஒன்றுதான். மதுவிலக்கு போனபிறகும் கும்பல்கள் கிளப்பை விடவில்லை. ரொக்கம் புரளும் இடம், கணக்கை மறைக்க வசதியான இடம். ஒரு கிளப் கலைஞருக்கு அந்த முதலாளிகளைத் தவிர்ப்பது என்றால் அந்தத் தொழிலையே தவிர்ப்பது. லூயிஸுக்கு மாஃபியா தொடர்பு உண்டு என்று எழுதுவது சுலபம். அவர் பங்குதாரரா, கூட்டாளியா, அடியாளா? எதுவும் இல்லை. மேடையும் மைக்கும் அவர்களுடையது, வயிறு இவருடையது.

பம்பாயில் வேறு மாதிரி நடந்தது

இதில் நமக்குப் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. 1949-ல் பம்பாய் மாகாணம் மதுவிலக்குச் சட்டம் கொண்டு வந்தது. அங்கேயும் சரக்குத் தொழில் நிழலுக்குப் போனது. அதில் வளர்ந்தவர்தான் தூத்துக்குடியில் இருந்து போய் ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்த வரதராஜன் முதலியார். 1987-ல் வந்த நாயகன் படம் யாரை நினைவுபடுத்துகிறது என்பது சொல்லாமலே தெரியும். ஆக, விலக்கு வந்தால் தாதா வருவார் என்ற கணக்கு சிகாகோவிலும் தாராவியிலும் ஒன்றுதான்.

ஆனால் பாடகர்கள் கதை மாறியது. பம்பாய் ஓட்டல்களில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்த கோவா இசைக்கலைஞர்களுக்கு, மது இல்லாத ஹாலில் வேலை குறைந்தது. அவர்கள் தாதாக்களிடம் போகவில்லை. போக இன்னொரு கதவு திறந்திருந்தது, ஹிந்தி சினிமா. சிக் சாக்லேட், செபாஸ்டியன் டிசோசா, ஆண்டனி கொன்சால்வெஸ் போன்றவர்கள் இசையமைப்பாளர்களின் வலது கையாக மாறி, 50களின் ஹிந்திப் பாட்டுக்கு அந்தத் துள்ளலைக் கொடுத்தார்கள். 1927 சிகாகோவில் லூயிஸுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. பேசும் படம் அப்போதுதான் பிறந்திருந்தது. அவர் கழுத்து அறுபடுவதற்கு ஒரு மாதம் முன்னால்தான், அக்டோபரில், தி ஜாஸ் சிங்கர் வெளியானது.

சினாட்ரா போட்ட வேஷம்

1955-ல் ஆர்ட் கோன் எழுதிய லூயிஸின் வாழ்க்கை வரலாறு, தி ஜோக்கர் இஸ் வைல்ட், வெளியானது. 1957-ல் அதே பெயரில் படம். இயக்கம் சார்லஸ் விடோர், லூயிஸாக நடித்தவர் ஃபிராங்க் சினாட்ரா. அதில் சினாட்ரா பாடிய ஆல் தி வே என்ற பாட்டு அந்த வருஷத்துக்கான ஆஸ்கர் விருதை வாங்கியது. கல்யாண வீடுகளில் இன்றும் அமெரிக்காவில் அதைப் போடுகிறார்கள். கழுத்தறுபட்ட ஒருவரின் கதைக்கு எழுதிய பாட்டு என்று தெரிந்து ஆடுகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

இங்கே ஒரு திருப்பம். லூயிஸைத் தாக்கிய மூவரில் ஒருவர் சாம் ஜியான்கானா என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். கோர்ட்டில் நிரூபணம் ஆகாத விஷயம், அதனால் அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஜியான்கானா 50களின் கடைசியில் சிகாகோ கும்பலின் தலைவர். சினாட்ராவின் நண்பரும்கூட. 1963-ல் சினாட்ராவின் கால் நேவா சூதாட்ட விடுதியில் ஜியான்கானா தங்கியது வெளியே தெரிந்து, சினாட்ரா தன் நெவாடா லைசென்ஸையே இழக்க வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவராகத் திரையில் நடித்தவரும், தாக்கியதாகச் சொல்லப்பட்டவரும் ஒரே விருந்து மேஜையில். லூயிஸும் சினாட்ராவுக்கு நெருங்கிய தோஸ்த்தான். 1968-ல் சினாட்ராவின் லேடி இன் சிமென்ட் படத்தில் ஒரு காட்சியில் ஜோ லூயிஸாகவே வந்து போனார்.

50களில் லாஸ் வேகாஸின் எல் ராஞ்சோ வேகாஸ் ஓட்டல் அவருடைய இன்னொரு வீடு. இன்று உலகத்துக்கே தெரிந்த அந்த வேகாஸ் ஸ்ட்ரிப் சாலையில் 1941-ல் முதன்முதலாக வந்த சூதாட்ட ஓட்டல் அது. மேடையில் சம்பாதித்ததைக் கீழே இறங்கி அதே கட்டடத்தின் சூதாட்ட மேஜையில் விட்டுவிட்டுப் போகிற ஆளை எந்த முதலாளிக்குத்தான் பிடிக்காது? 1960 ஜூனில் அந்த ஓட்டல் எரிந்து போனது.

60களில் காலம் மாறியது. டிவி வந்தது, ராக் வந்தது, கிளப்புகள் ஒவ்வொன்றாக மங்கின. உடம்பும் கேட்கவில்லை. 1971 ஜூன் 4-ல் நியூயார்க்கில் 69 வயதில் ஜோ லூயிஸ் இறந்தார். அதற்கு மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 30-ல், தமிழ்நாட்டில் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் ராஜாஜி 1937-ல் சேலத்தில் ஆரம்பித்து வைத்ததன் மேல் நம் ஊரில் நடந்த அத்தனை வாதத்திலும், அமெரிக்காவின் அந்த 14 வருஷம் ஒரு எச்சரிக்கையாக வந்து போய்க்கொண்டேதான் இருந்தது.

கிரீன் மில் இன்றும் சிகாகோவில் அதே இடத்தில் இருக்கிறது. கும்பல் எல்லாம் கிடையாது, ஜாஸ் கிளப். 1986-லிருந்து அங்கே கவிதை வாசிப்புப் போட்டிகூட நடக்கிறது. பார் கவுன்டருக்குப் பின்னால் தரையில் ஒரு மூடி இருக்கும், அதைத் தூக்கினால் சரக்கு கடத்திய சுரங்கம். கபோன் உட்கார்ந்த இடம் என்று ஒரு இருக்கையைக் காட்டுகிறார்கள். முன்வாசலும் பக்கவாசலும் ஒரே நேரத்தில் கண்ணில் படும்படியான மூலை அது. டூரிஸ்ட்டுகள் அதில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். மேடை எதிரில்தான் இருக்கிறது.